முதலில் பாட்டு, பிறகு கதை, திரும்பவும் பாட்டு

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்கு, யாழ்ப்பாணம் இணுவிலில் எங்கள் வாசிகசாலையின் முன் மண்டபத்தில் கதிரைகளைப் பிறை வடிவில் போட்டு இருந்து சங்கீதம் கேட்கிறோம். பன்னிரண்டு பேர் வருவார்கள், சில மாதம் இருபது. பாடகர் எவரும் வருவதில்லை. ஒரு ஸ்பீக்கர், ஒரு போன், ஆளுக்கு ஒரு தாள், முடிந்தபிறகு தேத்தண்ணி, அவ்வளவுதான். ஏழு வருடமாக நடக்கிறது. அண்மையில் கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பியும் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு ரீச்சரும் வந்து முழுநேரமும் இருந்து கேட்டார்கள். போகும்போது, “எங்கள் ஊரிலும் தொடங்க வேண்டும் அண்ணை, எப்படிச் செய்கிறது என்று எழுதித் தாருங்கள்” என்றார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சங்கீதம் படித்தவன் அல்ல. வட இலங்கை சங்கீத சபையின் ஒரு பரீட்சைகூட எழுதியதில்லை. 1981 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாண நகரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தேன். ஆட்கள் வெற்றுக் கசெற்றும் கொப்பித் தாளில் எழுதிய பட்டியலுமாக வருவார்கள். இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பேன். அறுபது நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டை வைத்தால் அந்த ஆள் அடுத்த கிழமையும் வருவார் என்பதை அந்தக் கடைதான் எனக்குப் படிப்பித்தது. இன்றும் கூட்டத்தை ஒரு கசெற்றாகவே அடுக்குகிறேன். முப்பது நிமிடம் ஒரு பக்கம், நடுவில் எழும்பிக் கால் நீட்ட ஐந்து நிமிடம், பிறகு மற்றப் பக்கம். கதைக்கு எல்லாமாகச் சேர்த்துப் பதினைந்து நிமிடம். புதிதாகக் கேட்க வந்தவரை அதற்குமேல் இருத்தி வைக்காதீர்கள்.

முதல் கூட்டத்தில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன், நீங்கள் விடவேண்டாம். தியாகராஜரின் வாழ்க்கையை நாற்பது நிமிடம் கதைத்தேன். திருவையாறு, காவிரி, அண்ணன், அரசன், எல்லாம் சொல்லி முடித்துப் பாட்டைப் போட்டபோது கேட்கிறவர்கள் முகத்தில் களை இல்லை. இரண்டு பெடியன்கள் எழும்பிப் போய்விட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், “பாட்டைத்தானே ராசா கேட்க வந்தனாங்கள்” என்றார். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த மாதம் முறையைத் தலைகீழாக மாற்றினேன்.

அந்த முறை இதுதான். பாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போடுங்கள். முடிந்ததும் கதையைச் சொல்லுங்கள், மூன்று நிமிடத்துக்குள். பிறகு அதே பாட்டை, அதே பதிவை, திரும்பவும் போடுங்கள். முதல் தரம் கேட்கும்போது ஒவ்வொருவர் காதும் தனக்குப் பிடித்த ஏதோவொரு இடத்தைப் பற்றிக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு சொல், இன்னொருவருக்குச் சுரத்தை அசைக்கிற ஒரு கமகம், சின்னப் பிள்ளைக்கு மிருதங்கம். அதன் பிறகு கதை சொன்னால், அந்த இடத்தைப் பற்றி அவர்களுக்குள் எழுந்த கேள்விக்குப் பதில் கிடைத்தமாதிரி இருக்கும். இரண்டாம் தரம் முகங்களைப் பாருங்கள், தெரியும். இதற்கு ஐந்து, எட்டு நிமிடப் பதிவுகள்தான் தோது. சொல்லில்லாமல் இராகத்தை விரிக்கிற ஆலாபனையும் பல்லவியுமாக முக்கால் மணி நேரம் போவது எனக்கு உயிர், ஆனால் அதைப் புதியவருக்கு முதல் வருடத்தில் போடமாட்டேன்.

ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்

“எனக்குச் சங்கீதம் விளங்காது” என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் கோயில் வீதியில் வளர்ந்த எவருக்கும் அது பொருந்தாது. அதைக் காட்டத்தான் முதல் உருப்படியாக மல்லாரி வைக்கிறேன்.

மல்லாரிக்குச் சொல் இல்லை. சுவாமி வீதியுலாவுக்குப் புறப்படும்போது நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பது. நல்லூரில் 25 நாளும் கேட்கலாம், உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலும் கேட்டிருப்பீர்கள். இராகம் கம்பீரநாட்டை. ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தில் ஒரு மல்லாரி கிடைத்தால் நல்லது, எங்கள் ஆட்களின் காதுக்கு அந்தச் சீவாளிச் சத்தம், வாயில் வைத்து ஊதும் நாக்கின் சத்தம், பழகியது. போட்டதும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், உடம்பு நிமிரும். ஒருமுறை, நாற்பது வருடம் சுவாமி காவிய ஐயா ஒருவர், “இதைக் கேட்டவுடன் என்ர தோள் தன்பாட்டில முன்னுக்குப் போகுது தம்பி” என்றார். ஒரு இராகம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

பிறகு ஓதுவார் ஒருவர் பாடிய ‘தோடுடைய செவியன்’ போடுங்கள். திருஞானசம்பந்தரின் முதல் பதிகம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை பாடிய கதை இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், நீங்கள் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பதிகத்தின் பண், அதாவது பழைய தமிழிசையின் இராகம், நட்டபாடை. இன்றைய ஓதுவார்கள் அதைக் கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். மல்லாரியைத் திரும்பப் போட்டு, உடனே தேவாரத்தைத் திரும்பப் போட்டால், அறிவிக்காமலே இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஆட்களுக்குப் பிடிபடும். இராகம் என்றால் என்ன என்ற பாடம் அந்த இடத்தில் முடிந்தது. ஆரோகணம், அவரோகணம், மேளகர்த்தா என்ற சொற்களை முதல் ஆறு மாதத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

ஒரு இராகம், இரண்டு பெரியவர்கள்

இரண்டாம் மாதம் ஆபோகி. இதைத் தவறவிடாதீர்கள். என்னிடம் உள்ளவற்றில் மிகவும் பலன் தந்த அடுக்கு இதுதான்.

முதலில் கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா’. தமிழ்ப் பாட்டு, சொல் எல்லாம் காதில் விழும். “ஒருதரம் சிவசிதம்பரம் என்று உரைத்தால் போதுமே” என்ற வரி வரும்போது வயதானவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள். சிதம்பரம் எங்கள் ஆட்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. எத்தனையோ தலைமுறையாகத் தோணியேறிப் போய்க் கும்பிட்டு வந்த ஊர், ஆறுமுக நாவலர் போய்ப் பள்ளிக்கூடம் வைத்த ஊர்.

பிறகு கதை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர். ஒருமுறை திருவையாற்றுக்குத் தியாகராஜரைப் பார்க்கப் போகிறார். மாயவரப் பக்கம் என்றதும் தியாகராஜர், அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாரே, தெரியுமா என்று கேட்கிறார். அது நான்தான் என்கிறார் இவர். அப்போது சீடர்கள் ஆபோகியில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஆபோகியில் ஏதும் செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் விசாரிக்க, பாரதி ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறார். மறுநாள் வந்து பாடிய பாட்டுத்தான் ‘சபாபதிக்கு’. இந்தக் கதை பல வாய்களில் பல மாதிரி நடமாடுகிறது, எலும்பு இதுதான்.

கதை முடிந்த கையோடு தாளில் அடுத்த பாட்டைக் காட்டுங்கள். சீடர்கள் பாடியதாகச் சொல்லப்படும் தியாகராஜர் கீர்த்தனை ‘மனசு நில்ப சக்தி லேகபோதே’. மனதை நிறுத்தி வைக்கும் சக்தி இல்லாவிட்டால் இனிய மணியோசையும் பூவுமாய்ச் செய்கிற பூசை என்ன செய்யும் என்பது அதன் கருத்து. அதைப் போட்டுவிட்டுப் பிறகு ‘சபாபதிக்கு’ திரும்பவும் வரட்டும். ஒரே ஐந்து சுரம், பஞ்சமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. அதற்குள் ஒருவர் தன் மனதைக் கேள்வி கேட்கிறார், மற்றவர் கேள்வியே தேவையில்லை என்கிறார். எங்கள் கூட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அப்ப பாரதியார் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறாரோ அங்கிள்?” எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

எது நடந்தது, எது சொல்வது

கீர்த்தனைகளைச் சுற்றி நிறையக் கதைகள் உண்டு. பல கதைகள் சீடர் பரம்பரையாக வாய்வழி வந்தவை. அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, சொல்லவும் வேண்டும். ஆனால் மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள்: ஆதாரத்தோடு தெரிவது, பரம்பரையில் சொல்வது, பாட்டே தன் வாயால் சொல்வது. வாசிகசாலைக்கு வருகிறவர்கள் வாசிக்கிறவர்கள். மூன்றையும் குழைத்து ஊட்டினால் ஒருநாள் பிடித்துவிடுவார்கள், பிறகு நீங்கள் சொல்கிற உண்மையும் எடுபடாது.

இதற்குச் சரியான பாட்டு ‘வாதாபி கணபதிம்’. கச்சேரியில் முதலில் வரும், எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் செய்தது. இராகம் ஹம்சத்வனி, அதை உருவாக்கியவர் அவருடைய தகப்பனார் இராமசுவாமி தீட்சிதர். தகப்பன் கண்ட இராகத்தில் மகன் செய்த பாட்டு என்பதே ஒரு கதைதான்.

ஆட்கள் எதிர்பார்ப்பது மற்றக் கதையை. பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபி நகரை 642 இல் அழித்தான். அந்தப் படையை நடத்தியவர் பரஞ்சோதி. அவரே பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். அவர் வாதாபியிலிருந்து ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து தன் ஊரான திருச்செங்காட்டங்குடியில் வைத்தார் என்று சொல்வார்கள். சிறுத்தொண்டர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு, சிவனடியாருக்காகத் தன் மகனையே கறி சமைத்த பிள்ளைக்கறிக் கதை ஞாபகம் வரும், சபை நிமிர்ந்து உட்காரும். அங்கே நிறுத்திப் பெரியபுராணத்தைத் திறவுங்கள். வாதாவி நகரம் துகளானதைச் சேக்கிழார் பாடுகிறார். அங்கிருந்து வந்த மணியும் நிதியும் யானையும் குதிரையும் பாடுகிறார். பிள்ளையாரைப் பாடவில்லை.

அப்படியானால் பாட்டு எந்தப் பிள்ளையாரை? பாட்டுக்குள்ளேயே ‘மூலாதார க்ஷேத்ர ஸ்திதம்’ என்று வருகிறது. மூலாதாரத் தலம் என்று சொல்லப்படுவது திருவாரூர், தீட்சிதர் பிறந்த ஊர். அங்கும் ஒரு வாதாபி கணபதி இருக்கிறார். இன்னும் ஒரு வரியில் கும்பத்தில் பிறந்த முனிவர், அதாவது அகத்தியர், பூசித்தவர் என்று வரும். ஆட்டுக்கறியாய் வயிற்றுக்குள் போன வாதாபி என்ற அசுரனை “வாதாபி ஜீர்ணோ பவ” என்று சமிக்கச் செய்த அகத்தியர் கதை அங்கே சேர்கிறது. குழந்தைக்குப் பால் கொடுத்து வயிற்றைத் தடவிக்கொண்டு என் அம்மம்மா அதைச் சொல்வா. இத்தனையும் சொல்ல எனக்கு ஆறு நிமிடம் போகும். மூன்று நிமிடக் கணக்கை நான் மீறுகிற ஒரே பாட்டு இது.

தீட்சிதருடைய இன்னொரு கதை மழைக்கதை. எட்டயபுரப் பக்கத்தில் வரண்டு கிடந்த நிலத்தைப் பார்த்து அமிர்தவர்ஷிணி இராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், மழை பெய்தது என்பார்கள். ‘ஸலிலம் வர்ஷய வர்ஷய’ என்று பாட்டிலேயே வரும், தண்ணீரைப் பொழி, பொழி என்று. இதைப் புரட்டாதிக் கடைசிக்கு வைத்திருங்கள். கிணறு அடியில் நிற்க, மாரி எப்போது தொடங்கும் என்று தோட்டக்காரர் வானம் பார்க்கிற மாதம். அப்போது அது பழங்கதையாக இராது.

விளங்காத மொழி

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார்: ஏன் தெலுங்கு, ஏன் சமஸ்கிருதம்? கேட்கிறவரை அடக்காதீர்கள், நியாயமான கேள்வி. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். எங்கள் நாட்டுக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளை வருடக்கணக்காக ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யாழின் பெயரில் ஊர் வைத்திருக்கிற நாங்கள் அதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே என் பட்டியலில் பாதி தமிழ். மற்றப் பாதிக்கு அரைப் பக்கத் தாளில், பெரிய எழுத்தில், வரிக்கு வரி கருத்து எழுதிக் கொடுக்கிறேன். முழுப் பாட்டுக்கும் வேண்டாம், தொடக்க வரியான பல்லவிக்கும் பின்னால் வரும் ஒரு சரணத்துக்கும் போதும்.

தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’ கல்யாணி இராகம். செல்வம் சுகமா, இராமனின் சந்நிதிச் சேவை சுகமா என்று தொடங்கும். தஞ்சாவூர் அரசவையிலிருந்து வந்த அழைப்பையும் பரிசையும் மறுத்துப் பாடியது என்பது பரம்பரைக் கதை. கதை இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும். சரணத்தில் ஒரு இடம் உண்டு: அடக்கமும் அமைதியும் என்ற கங்கையில் முழுகுவது சுகமா, கெட்ட ஆசை என்ற சேற்றுக் கிணற்றில் முழுகுவது சுகமா. ‘கூப’ என்றால் கிணறு என்று நான் சொன்னதும் எங்கள் மண்டபத்தில் ஒரு “ஆ” சத்தம் எழுந்தது. ஆறு இல்லாத ஊர் இது, கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சேறு கலங்கின கிணறு என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆட்களுக்கு எந்தச் சொல் தைக்கும் என்று தாளைத் தயாரிக்கும்போதே தேடுங்கள்.

அப்படித்தான் அருணாசலக் கவிராயரின் ‘ஏன் பள்ளிகொண்டீர் ஐயா’. திருவரங்கத்தில் படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்து, எந்த வேலை செய்த களைப்பில் படுத்தீர் என்று இராமாயணம் முழுவதையும் அடுக்கிக் கேட்பார். வில்லை ஒடித்த வருத்தமோ, காட்டில் நடந்த வருத்தமோ என்று போய் இலங்கையை இடித்த வருத்தமோ என்று வரும். இலங்கையில் இருந்துகொண்டு மோகனத்தில் அதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ செய்கிறது.

சுருதியும் தாளமும்

பிள்ளைகளுக்குச் சுருதியை விளங்கப்படுத்த எனக்கு ஒரே வழிதான் தெரியும், என் கதை. 1990 இல் போரோடு கரண்ட் போனது. பற்றரியும் வரவிடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்துக் கசெற் பிளேயருக்குக் கொடுத்துக் கேட்டோம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் பாடகரின் குரல் இறங்கும், உசாராய்ச் சுற்றினால் ஏறும். மச்சான் சுற்றுவான், நான் காது வைத்திருந்து “கொஞ்சம் கெதியாய், இப்ப சரி, அப்பிடியே பிடி” என்பேன். ஒரு இரவு முழுக்க ஒரு தோடி இராகப் பாட்டைக் கீழ்ச்சுருதியில் கேட்டோம். அப்போதும் அது தோடிதான். சட்சம், அதாவது ஸ, எங்கே நின்றாலும் சுரங்களுக்கு இடையிலுள்ள உறவு மாறாவிட்டால் இராகம் மாறாது என்பதை நான் அங்கே கற்றேன். இப்போது போனிலேயே சுருதியை ஏற்றி இறக்கலாம். ஒரே பாட்டை இரண்டு சுருதியில் போட்டுக் காட்டுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

தாளத்துக்குக் கை போதும். ஆதி தாளம் எட்டு: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டி ஒரு வீச்சு, தட்டி ஒரு வீச்சு. எல்லோரும் தொடையில் போடட்டும். கை பழகியதும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போடுங்கள். இணுவில் விசுவலிங்கம் அவர்களின் மகன். 1933 இல் பிறந்து 1975 இல், நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் விரும்பி அழைத்த கை. பெடியனாக இருந்தபோது கோயில் வீதி மணலில் இருந்து விடிய விடிய அவரைக் கேட்டிருக்கிறேன். கை தாளம் போட, காது அவரோடு போனால், ஏழாம் எண்ணிக்கையில் இவர் எங்கே போகிறார் என்று பயம் வரும். எட்டு முடிந்து முதல் தட்டு விழும் இடத்தில் சரியாக வந்து நிற்பார். அந்தப் பயமும் ஆறுதலும் தாளம் போடாமல் கேட்டால் கிடைக்காது. பழைய பதிவுகளில் இரைச்சல் இருக்கும். மன்னிப்புக் கேட்காமல் போடுங்கள்.

எங்கள் ஆட்களைச் சொல்லாமல் கூட்டத்தை நடத்தாதீர்கள். ‘கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்’ ரி. எம். சௌந்தரராஜன் குரலில் எல்லோருக்கும் பாடம். அதை எழுதியவர் இணுவில் வீரமணி ஐயர் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கே தெரியாது. சென்னையில் படித்த காலத்தில் மயிலாப்பூர்க் கற்பகாம்பாளைப் பாடியது. அது இராகமாலிகை, பல இராகம் கோத்த பாட்டு: ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்வரி, ரஞ்சனி. ஒவ்வொரு இராகத்தின் பெயரையும் அம்மனை விளிக்கிற பெயராகவே சொல்லுக்குள் வைத்திருக்கிறார். அதைச் சொல்லாமல் போடுங்கள், பிறகு “நாலு பெயர் ஒளித்திருக்கிறது, பிடியுங்கள்” என்று திரும்பப் போடுங்கள். பிள்ளைகள் கத்திச் சொல்வார்கள், கத்தட்டும். மகாராஜபுரம் சந்தானத்தின் பதிவு எதைப் போட்டாலும், அவர் ஒரு காலம் எங்களுக்குப் பக்கத்தில் மருதனார்மடத்தில், இராமநாதன் இசைக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் என்பதைச் சொல்லுங்கள். கேட்கிற காதுக்கும் பாடுகிற குரலுக்கும் இடையில் உள்ள தூரம் குறையும்.

சாமான், நேரம், முடிப்பு

ஸ்பீக்கர் ஒன்று போதும், ஆனால் நல்லதாக. நிலத்தில் வைக்காமல், இருக்கிற ஆளின் காது உயரத்துக்கு மேசையில் வையுங்கள். பாட்டு ஓடும்போது காற்றாடியை நிறுத்துங்கள். வெக்கையைத் தாங்கலாம், அந்த உறுமலைத் தாங்க முடியாது. பாட்டுகளை முதல் நாளே போனில் இறக்கி வைத்திருங்கள். நேரடியாக யூரியூப்பில் போட்டால், தம்பூரா அடங்கி ஆலாபனை தொடங்கும் இடத்தில் சவர்க்கார விளம்பரம் வரும். ஸ்பீக்கரை முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள், கரண்ட் போனாலும் கூட்டம் நிற்காது. சுற்றுவட்டக் கோயில்களின் திருவிழா நாட்களைக் கலண்டரில் பார்த்து நாள் வையுங்கள். ஒலிபெருக்கியோடு போட்டி போட ஏலாது, போடவும் கூடாது.

சங்கீதம் படித்த ரீச்சர்மார் வந்தால் சந்தோசம். பாட்டு நடக்கும்போது பிழை திருத்த வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி நேரத்தில் அவர்களைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்பார்கள், அப்போது தாராளமாய்க் கதைக்கலாம். எந்தப் பாடகர் பெரியவர் என்ற வாதத்தைத் தொடங்கவிடாதீர்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன் ஒரு திருப்புகழ். பிறகு மங்களம், சௌராஷ்டிர இராகத்தில். அது ஒரு நிமிடம்தான், எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அதோடு ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள், வேறு ஒன்றும் போடவேண்டாம். தேத்தண்ணி குடித்துக் கதிரைகளை அடுக்கும்போது யாராவது ஒருவர் தன்னை அறியாமல் ஒரு வரியை முணுமுணுப்பார். போன மாதம் அது, கையில் மூன்று கதிரையோடு நின்ற அந்தப் பண்டத்தரிப்பு ரீச்சர். எது என்று காது கொடுத்துக் கேட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அந்தப் பாட்டிலிருந்துதான் நான் தொடங்குவேன்.